சும்மா இருந்த பிராசஸரை...

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என் உத்தியோகத்தைவிட சீனியாரிட்டி அதிகம். உள்ளே இருப்பது இன்டெல் கோர் 2 குவாட் க்யூ6600. 2007-ல் வந்தபோது ராஜா. இப்போது பென்ஷன் வாங்கும் ராஜா!

அப்பாவும் சித்தப்பாவும் நாமக்கல்லில் கூட்டாக ஓட்டிய லாரியின் பத்து வருஷக் கணக்கு அதில்தான் இருக்கிறது. லாரியை விற்றாயிற்று. மறுநாள் காலை செட்டில்மென்ட். 'அண்ணன் டீசல்ல கை வச்சுட்டார்' என்று சித்தியின் காதில் யாரோ ஓதியிருந்த சமயம்.

அந்த ராத்திரி பார்த்தா எனக்கு ஓவர்கிளாக்கிங் ஆசை வரணும்?

விஷயம் இதுதான். மதர்போர்டு 266 மெகாஹெர்ட்ஸில் தாளம் போடும். பிராசஸர் அதை ஒன்பதால் பெருக்கி 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும். ஒன்பதை ஏற்ற முடியாது, பூட்டு. தாளத்தை 333 ஆக்கினால்? 3 கிகாஹெர்ட்ஸ்! காலணா செலவில்லாமல் கால் பங்கு வேகம். பயாஸுக்குள் புகுந்து ஏற்றினேன். கையோடு வோல்டேஜையும் ஒரு தட்டு.

விண்டோஸ் பாதி வந்தது. நீலத் திரை. மறுபடியும் நீலத் திரை. அப்புறம் கறுப்பு. ஃபேன் மட்டும் சுற்றுகிறது. ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேர்ந்துகொண்டேன்.

சத்தம் கேட்டு அப்பா வந்தார். முப்பது வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவர். மவுஸைத் தொட்டதில்லை.

"கடைசியா எதைடா மாத்துனே?"

"வேகம்... வோல்டேஜ்..."

"ரெண்டையும் ஒண்ணா மாத்துனா கோளாறு எதுலன்னு எப்புடிரா தெரியும்? மொதல்ல பழையபடி வை. அப்புறம் ஒண்ணொண்ணாப் பாரு. இன்ஜினு ஓடும்டா, பின்னால கட்டுன டிரெய்லரு அந்த வேகத்துக்கு வருமா?"

டிரெய்லர்! பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. ரேம்!

பிளக்கைப் பிடுங்கி, மதர்போர்டில் இருந்த வட்ட பேட்டரியைக் கழற்றி, கொஞ்ச நேரம் கழித்து மாட்டினேன். எல்லா செட்டிங்கும் பழையபடி ஆனது. கணக்கை முதலில் பென் டிரைவில் ஏற்றினேன். பிறகு பார்த்தால், ரேமைத் தாளத்தோடு ஒன்றரை மடங்காகக் கட்டி வைத்திருக்கிறது. 266-ல் அது டிடிஆர்2-800. நான் 333 ஆக்கியதும் அதுவும் 1000-க்கு ஓடியிருக்கிறது. 800-க்குச் செய்த சரக்கு, மூச்சு வாங்காதா?

விகிதத்தை ஒன்றுக்கு ஒன்று என்று வைத்தேன். ரேம் 667-ல் அடங்கியது. வோல்டேஜைத் தொடவில்லை. 3 கிகாஹெர்ட்ஸில் சமர்த்தாக எழுந்தது!

சந்தோஷம் அஞ்சு நிமிஷம்தான். தடுமாறும் ரேம் நீலத் திரை காட்டினால் புண்ணியம். சத்தமில்லாமல் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதியிருந்தால்? அதுவும் டீசல் கணக்கில்!

266-க்கே திரும்பினேன். விடியவிடிய அப்பா பழைய டிரிப் நோட்டுகளைப் படிக்க, நான் திரையில் டிக் அடித்தேன். ஒரு ரூபாய் மாறவில்லை.

காலையில் சித்தப்பா கணக்கைப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டார். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் காபியை ஆற்றினார். போகும்போது கேட்டார்:

"பழசானாலும் நல்லாத்தான் ஓடுது. ஏதாச்சும் ரிப்பேர் பார்த்தியா கண்ணு?"

"ஒண்ணுமே பண்ணலீங்க சித்தப்பா!"

அப்பா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

வடைமாலை இன்னும் பாக்கி.