தாழ்ப்பாளுக்கு உள்ளே யார்?

கல்யாண வீடு. முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம்தான் இருக்கிறது. ஒரே குளியலறை, வெளியே பத்துப் பேர் துண்டும் கையுமாக நிற்கிறார்கள். உள்ளே போனவரோ குளிக்காமல் செல்போனில் பேசிக்கொண்டிருக்கிறார்!

எங்கள் ஆபீஸ் டேட்டாபேஸிலும் ஒரு நாள் இதே கதைதான். சம்பளம் போடும் நாள். விடுப்பு, அட்வான்ஸ் எதைத் திருத்தினாலும் திரையில் சக்கரம் சுற்றியது. "சம்பள புரோகிராம்தான் எல்லாத்தையும் பிடிச்சு வெச்சிருக்கு. சர்வரை ரீஸ்டார்ட் பண்ணிடலாமா சார்?" என்றார் ஜூனியர் பெண்.

"பொறும்மா" என்றேன். இரண்டு மணி நேரமாக ஓடிய கணக்கு அது. ரீஸ்டார்ட் செய்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சர்வரின் பிராசஸருக்கு வேலையே இல்லை. அதுவே முதல் துப்பு: யாரும் உழைக்கவில்லை, எல்லோரும் காத்திருக்கிறார்கள். எங்களுடையது போஸ்ட்கிரெஸ். அதில் 'பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி' என்ற பட்டியலைப் பார்த்தால் யார் என்ன செய்கிறார்கள் என்று தெரியும். யாரை யார் மறிக்கிறார் என்பதை 'பிஜி பிளாக்கிங் பிட்ஸ்' சொல்லும்.

மற்றவர்கள் காத்திருந்தது சம்பள புரோகிராமுக்காகத்தான். ஆனால், அந்த புரோகிராமும் இன்னொருவருக்காகக் காத்திருந்தது! வரிசையின் தலையில் இருந்தவரின் நிலை, 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்'. அதாவது, ஒரு ஊழியரின் விவரத்தைத் திருத்தி, 'கமிட்' கொடுக்காமல் சும்மா இருக்கிறார். ஆள் சாப்பிடப் போயிருந்தார்.

இரண்டு பேர் மாறி மாறி ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தால், அது டெட்லாக். அதை போஸ்ட்கிரெஸ் தானே கண்டுபிடித்து ஒருவரை விலக்கிவிடும். இது அப்படியல்ல. நாம் தலையிடாவிட்டால் நாள் முழுக்கக் காத்திருக்கும்.

போன் செய்தோம். வந்து கமிட் கொடுத்தார். சில நொடிகளில் எல்லாம் நகர்ந்தது. அவர் கிடைக்காமல் போயிருந்தால், 'பிஜி டெர்மினேட் பேக்எண்ட்' மூலம் அவருடைய இணைப்பை மட்டும் துண்டிக்கலாம். முடிக்காத அவர் திருத்தம் மட்டும் ரத்தாகும். லினக்ஸில் 'கில் மைனஸ் 9' மட்டும் வேண்டாம். எல்லோருடைய இணைப்பும் அறுந்துவிடும்.

இப்படிச் சும்மா இருப்பவரைத் தானாக வெளியேற்ற ஒரு கால வரம்பும் உண்டு. நாமாக வைக்காவிட்டால் அது வேலை செய்யாது. அன்றே ஐந்து நிமிடம் என்று வைத்தோம்.

சாயங்காலம் சம்பளம் வந்துவிட்டது. அந்த நண்பர் தயங்கியபடி வந்தார். "சாப்பிடப் போனது தப்பா சார்?"

"நல்லா சாப்பிடுங்க. கமிட் கொடுத்துட்டுப் போங்க!"