பாம்பு விளையாட்டும் காரின் தொடுதிரையும்

கடையநல்லூரில் வளைகுடா நாடுகளிலிருந்து வருபவர்களை அழைத்து வர ராத்திரியோடு ராத்திரியாகத் திருவனந்தபுரம் கிளம்பும் கார்கள் உண்டு. செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவு ஏறி, தென்மலை வழியாகப் போகிற பாதை. ஜூன், ஜூலையில் அங்கே சாரல் எந்த வளைவில் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிடித்ததும் ஓட்டுநர் என்ன செய்வார்? ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் லீவரை விரலால் தட்டுவார், வைப்பர் ஓடும். கண் சாலையை விட்டு நகராது. அந்த வேலையையே ஒரு கண்ணாடித் திரையில் தேடிப் பிடித்துச் செய் என்று சொன்னால் எப்படி இருக்கும்?

அப்படிச் சொன்ன கார் இருக்கிறது. 2019-ல் ஜெர்மனியில் ஒருவர் மழையில் டெஸ்லா கார் ஓட்டிக்கொண்டு போனார். வைப்பரின் வேகத்தை மாற்றத் திரையைத் தொட்டார். அந்த நேரத்தில் கார் சாலையை விட்டு விலகி மரங்களில் மோதியது. வழக்கு கார்ல்ஸ்ரூ உயர் நீதிமன்றம் வரை போய், 2020-ல் தீர்ப்பு வந்தது. காரில் பொருத்திய தொடுதிரையும் ஒரு மின்னணுக் கருவிதான், ஓட்டும்போது அதிலேயே கண்ணை வைத்திருந்தது தவறு என்று 200 யூரோ அபராதம், ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடை. சட்டப்படி சரிதான். ஆனால் மழையில் வைப்பர் போடுவது குற்றமா? வைப்பரைக் கொண்டு போய்த் திரைக்குள் ஒளித்து வைத்தவருக்கு என்ன தண்டனை? அதைத் தீர்ப்பு பேசவில்லை.

கேட்டால் எளிமை என்பார்கள். ஷோரூமில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். பட்டன் இல்லை, திருகு இல்லை, வழவழவென்று ஒரே கண்ணாடி. கோடு கோடாக, நிறமில்லாத சின்னச் சின்னப் படங்கள். துடைத்து வைத்த வீடு மாதிரி இருக்கிறது. ஆனால் துடைத்து வைத்த வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையே!

எளிமை என்றால் என்ன என்பதை வீடியோ கேம்கள் எப்போதோ செய்து காட்டிவிட்டன. நோக்கியாவின் பாம்பு விளையாட்டையே எடுத்துக்கொள்ளலாம். 1997-ல் 6110 என்ற போனுக்காக டானெலி அர்மான்டோ என்ற நோக்கியா பொறியாளர் எழுதியது. கறுப்புக் கட்டங்கள் சேர்ந்தால் பாம்பு, ஒரு புள்ளி அதன் இரை. அவ்வளவுதான் கிராஃபிக்ஸ். 2003-ல் வந்த 1100 போனிலும் பாம்பு இருந்தது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. டார்ச் லைட் போன் என்றால் இன்றைக்கும் பெரியவர்களுக்குப் புரியும். (நோக்கியா ஸ்ரீபெரும்புதூரிலேயே தொழிற்சாலை போட்டு 2006 முதல் 2014 வரை போன் செய்தது. அது மூடிய கதை தனி சோகம்.)

அந்தப் பாம்பு ஓடிய விதத்தைக் கவனிக்க வேண்டும். மேலே போக 2, கீழே 8, இடது 4, வலது 6. நடுவில் இருக்கும் 5-ஆம் எண்ணின் மேல் தொட்டால் தெரிகிற ஒரு சின்னப் புடைப்பு. கட்டைவிரல் அதைத் தடவிக்கொண்டு தன் இடத்தைத் தானே தெரிந்துகொள்ளும். அதனால் கண் முழுக்க முழுக்கப் பாம்பின் மேல் இருந்தது. பட்டனைக் குனிந்து பார்த்துப் பார்த்து அழுத்த வேண்டியிருந்தால் பாம்பு இரண்டாவது திருப்பத்திலேயே சுவரில் முட்டிச் செத்திருக்கும்.

1985-ல் வந்த சூப்பர் மாரியோவும் இதே கதைதான். மொத்த விளையாட்டும் 40 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும் என்பதால் மேகத்தின் படத்தையே பச்சை நிறம் மாற்றிப் புதராக வைத்தார்கள். கஞ்சத்தனம்தான்! ஆனால் எது எதிரி, எது காசு, எது பள்ளம் என்று பார்த்த அந்தக் கணமே தெரியும். கையில் இருந்ததோ ஒரு கூட்டல் குறிப் பட்டனும் இன்னும் சில பட்டன்களும். அந்தக் கூட்டல் குறிப் பட்டன் நின்டெண்டோவின் கும்பெய் யோகோய் 1982-ல் கொண்டுவந்தது. திரையில் குறைவாகக் காட்டினார்கள், விரலுக்கு உறுதியாக ஒன்றைக் கொடுத்தார்கள். இரண்டும் சேர்ந்துதான் எளிமை. கார் கம்பெனிகள் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாவது பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டன.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. மாரியோ போன்ற விளையாட்டில் இடையில் நிறுத்தினால் ஆட்டம் அப்படியே நின்று காத்திருக்கும். சாலை காத்திருக்குமா?

60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 2 விநாடியில் 33 மீட்டர் கடந்துவிடும். அந்த 2 விநாடிதான் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு பார்வைக்குக் கொடுத்த உச்ச வரம்பு; ஒரு வேலைக்கு மொத்தம் 12 விநாடி. அமெரிக்க நெடுஞ்சாலைக்கு அது சரியாக இருக்கலாம். தென்காசியிலிருந்து கடையநல்லூர், புளியங்குடி வழியாக ராஜபாளையம் போகிற தேசிய நெடுஞ்சாலையில் 33 மீட்டருக்குள் ஓர் ஆடு, தெருவிலிருந்து திடீரென்று வெளியே வரும் ஒரு டிவிஎஸ் எக்ஸெல், எதிரே லாரியை முந்தி வரும் பஸ் எல்லாமே வந்துவிடும்.

2022-ல் ஸ்வீடன் கார் பத்திரிகை ஒன்று இதைச் சோதித்தே பார்த்தது. 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே சூட்டை ஏற்றுவது, ரேடியோவை ஒரு நிலையத்தில் வைப்பது போன்ற நான்கு வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். பட்டன்கள் நிறைந்த 2005-ஆம் வருட வோல்வோவில் எல்லாம் முடிய 10 விநாடி. கார் போன தூரம் 306 மீட்டர். தொடுதிரை வைத்த எம்.ஜி. மார்வெல் ஆர் என்ற புதுக் காரில் சுமார் 45 விநாடி, 1,372 மீட்டர். ஓட்டியவர்களுக்குக் காரைப் பழகிக்கொள்ள முன்பே நேரமும் கொடுத்திருந்தார்கள்.

நம்மூர் ஓட்டுநர்களுக்கு இன்னொரு சுமை, மொழி. பழைய கார் ஏசியில் நீலப் பக்கம் திருகினால் குளிர், சிவப்புப் பக்கம் திருகினால் சூடு. எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதே இல்லை. திரையில் பெரும்பாலும் ஆங்கிலப் பட்டியலுக்குள் ஒரு பட்டியல், அதற்குள் இன்னொன்று. இருபது வருடம் மலைப்பாதையில் வண்டி ஓட்டியவரைப் படிப்பறிவில்லாதவர் போல உணர வைக்கிறது ஒரு கண்ணாடி.

தொடுதிரையே வேண்டாம் என்று சொல்ல முடியாது. குறுகலான தெருவில் ரிவர்ஸ் எடுக்கக் கேமரா திரை பெரிய உதவி. வரைபடத்துக்கும் திரைதான் சரி. கம்பெனிக்கும் லாபக் கணக்கு இருக்கிறது. நாற்பது பட்டனுக்கு அச்சும் ஒயரும் தனித்தனியாகச் செய்வதை விட ஒரு திரையும் மென்பொருளும் மலிவு. ஆனால் வாங்குபவரிடம் அதை ஆடம்பரம் என்று சொல்லி விற்பதுதான் கொஞ்சம் அதிகம். டெஸ்லா இதையும் தாண்டி, ஓடும் காரின் முன்திரையிலேயே வீடியோ கேம் ஆட விட்டது. 2021 டிசம்பரில் அமெரிக்க அரசு விசாரணை தொடங்கிய பிறகுதான் நிறுத்தியது!

காற்று இப்போது திரும்புகிறது. ஐரோப்பாவின் கார் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பு 2026 ஜனவரி முதல் இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹார்ன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தனி பட்டனோ லீவரோ இல்லாத காருக்கு மதிப்பெண்ணைக் குறைக்கிறது. முக்கியமான வேலைகளுக்குப் பட்டன்களைத் திரும்பக் கொண்டுவருவதாக ஃபோக்ஸ்வேகனும் 2025-ல் அறிவித்தது. இந்தியாவில் பாரத் என்கேப் 2023 அக்டோபரில் தொடங்கி நட்சத்திரம் கொடுத்து வருகிறது. கார் மோதினால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்பதே அதில் பெரிய பங்கு. மோதுவதற்கு முன் ஓட்டுநரின் கண் எங்கே இருந்தது என்பதற்கும் அதில் மதிப்பெண் வேண்டும். குறைந்தது வைப்பர், கண்ணாடிப் பனி நீக்கி, அபாய விளக்கு மூன்றுக்காவது பட்டன் கட்டாயம் என்று சொல்லலாம்.

அதுவரை கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஏசியைக் கூட்டி, வைப்பரைப் போட்டு, அபாய விளக்கை எரிய விட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியவில்லை என்றால் விலை பேசுவதற்கு முன் அதைச் சேல்ஸ்மேனிடம் சத்தமாகவே சொல்லலாம். பக்கத்துக் காரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் காதிலும் விழட்டும்.