ஒரே மழை, வேறுவேறு வெள்ளம்

2023ஆம் ஆண்டு டிசம்பர் 3, 4 ஆகிய நாள்களில் மிக்ஜாம் புயலால் சென்னை முழுவதும் பெருமழை பெய்தது. தெற்கே வேளச்சேரியிலும் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. சில நாள்களில் வடிந்தது. வடக்கே எண்ணூருக்கு வந்த வெள்ளமோ எண்ணெயையும் சுமந்து வந்தது. மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்றின் முகத்துவாரம் வரை பரவியது. காட்டுக்குப்பம் முதலிய மீனவர் ஊர்களில் படகுகளும் வலைகளும் கறுத்தன. மீனவர்கள் வாளிகளைக் கொண்டு எண்ணெயை அள்ளினர். படகையாவது தேய்த்துக் கழுவலாம். எண்ணெய் ஊறிய வலையை என் செய்வது?

வெள்ளம் ஏழை நாடுகளையே மிகுதியாக வருத்துவதற்கு இயற்கையைக் காரணம் காட்டுவோர் உளர். 2021 ஜூலையில் செல்வ நாடான ஜெர்மனியிலும் வெள்ளம் 180க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மழைக்கு எந்நாடும் ஒன்றே. ஆயினும், ஜெர்மனி மறுசீரமைப்புக்கெனத் தன் கருவூலத்திலிருந்தே 3,000 கோடி யூரோ வரை ஒதுக்கியது. அடுத்த ஆண்டில் பாகிஸ்தானை மூழ்கடித்த வெள்ளத்தின் இழப்பு 3,000 கோடி டாலருக்கும் மேல் என மதிப்பிடப்பட்டது. அந்நாடோ 2023 ஜனவரியில் ஜெனீவா மாநாட்டில் உலகின் உதவியைக் கோரி நின்றது. அங்கு உறுதியளிக்கப்பட்ட தொகையிலும் பெரும்பகுதி கடனே. புவியை வெப்பமாக்கும் வாயுக்களில் பாகிஸ்தானின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்பதையும் ஈண்டு எண்ணிப் பார்த்தல் தகும்.

உயிரைக் காப்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. 1970இல் ஒரே புயலில் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோரை இழந்த வங்கதேச மண், முன்னெச்சரிக்கையாலும் புயல் காப்பகங்களாலும் 2020இன் ஆம்பன் புயலில் உயிரிழப்பைச் சில பத்துகளுக்குள் அடக்கியது. பிழைத்தவர் மறுநாள் எதைக்கொண்டு வாழ்வது என்னும் வினாவுக்குத்தான் அங்கும் விடை எளிதாகக் கிட்டவில்லை.

நாடுகளுக்கிடையே உள்ள இவ்வேறுபாடு ஒரு நகருக்குள்ளேயும் உண்டு. பூண்டி, புழல் ஏரிகளின் உபரிநீர் கடலைச் சேரும் வாயில் எண்ணூரே. அவ்வாயிலின் சதுப்பு நிலங்களில்தான் துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் எழுந்தன. சாம்பல் கழிவு படிந்து கழிமுகத்தின் ஆழம் குறைந்தது. நகருக்கு மின்சாரமும் எரிபொருளும் வேண்டும். அவற்றின் கழிவைத் தாங்கும் இடமாக எண்ணூர் ஆக்கப்பட்டது. ‘அங்கே ஏன் குடியிருக்கிறார்கள்?’ என்று வினவுவோர் அறிய வேண்டியது ஒன்றுண்டு: ஆலைகள் வருமுன்பே அக்குப்பங்கள் அங்கிருந்தன.

காப்பீடு இருப்பவருக்கு வெள்ளம் ஒரு மாதத் துன்பம். கடன் வாங்கி வலை வாங்கியவருக்கு அத்துன்பம் நீர் வடிந்த பின்னரே தொடங்குகிறது. எண்ணூரில் எண்ணெய் அள்ளும் பணி முடிந்த பின்னும், எண்ணெய் வாடை வீசுமோ என்றஞ்சி மக்கள் மீன் வாங்கத் தயங்கினர்.