கவிழ்த்துப் பார்க்காத போன்

ஆயா நான்கு மாதமாக எங்களில் யாருக்கும் போன் செய்யவில்லை. பேரன் பேத்திகள் நாங்கள் ஒன்பது பேர். நாமக்கல், ராசிபுரம், திருப்பூர், பெங்களூரு என்று கொல்லிமலையை விட்டு இறங்கிப் பிழைப்பவர்கள். ஒன்பது பேரிடமும் ஒவ்வொரு காரணம் இருந்தது. மிளகு பறிப்பு நேரம், வேலை ஓடும் என்றான் ஒருவன். ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு வராத கோபம் என்றாள் ஒருத்தி. நான் கண்டுபிடித்தது இன்னும் சௌகரியமான காரணம்: போன் வரவில்லை என்றால் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

பொங்கலுக்குப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதுவும் ஆயாவுக்காக அல்ல. என் செல்போனை எங்கோ வைத்துவிட்டேன். அதற்கு ரிங் அடித்துப் பார்க்கலாம் என்று வீட்டுப் போனை எடுத்தேன். ‘கொர்ர்’ என்று டயல் டோன் கேட்டது. எண்களை அமுக்கினேன். ரிசீவருக்குள் டக் டக்கென்று தட்டுகிற சத்தம். முன்னால் சேர்க்கும் பூஜ்யத்தோடு பதினொரு எண்ணும் முடிந்தது. ‘கொர்ர்’ மட்டும் நிற்கவில்லை.

அடுப்படியிலிருந்து ஆயா சொன்னாள்: “அது வரும் சாமி, போவாது. ஆவணியிலிருந்து அப்பிடித்தான்.”

ஆவணியில் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு கொடுத்த பையனைக் கூப்பிட்டுக் கேட்டோம். “அண்ணா, போனைக் கவுத்துப் பாருங்க, அடியில டி, பி-ன்னு ஒரு சுவிட்ச் இருக்கும்” என்றான். இருந்தது. அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரியது. சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு. ஊக்கின் முனையால் தள்ளினேன். அடுத்த நிமிடம் அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து என் செல்போன் அடித்தது.

‘பி’ என்றால் பல்ஸ். சுழற்றும் டயல் காலத்து முறை. ஐந்து என்றால் கம்பியில் ஓடும் மின்சாரம் ஐந்து முறை அறுந்து சேரும். எக்ஸ்சேஞ்ச் அதை எண்ணிக்கொள்ளும். ‘டி’ என்றால் டோன். ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு சுருதிகள் சேர்ந்த ஒரு சத்தம். மலையில் செம்புக் கம்பி இருந்தவரை எக்ஸ்சேஞ்சுக்கு இரண்டும் புரிந்தன. இப்போது சுவரில் தொங்கும் ஃபைபர் பெட்டி குரலைத் துண்டு துண்டாக்கி, இணையத்தில் பொட்டலம் பொட்டலமாக அனுப்புகிறது. இந்தப் பெட்டிகளில் பலவற்றுக்குப் பல்ஸ் புரியாது. கூப்பிட்டால் மணி அடிக்கும், பேசலாம். அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் ஒரு எண்ணும் போகாது.

இதில் பெட்டி மீது குற்றமில்லை, பையன் மீதும் இல்லை. அவன் வந்து மாட்டிய அன்று எங்களில் மூன்று பேர் வீட்டில் இருந்தோம். வைஃபை வருகிறதா என்று மூன்று பேரும் செல்போனில் பார்த்தோம். படம் ஓடுகிறதா என்றும் பார்த்தோம். ஆயாவின் போனை எடுத்து ஒரே ஒரு எண்ணை அடித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

இடையில் அவள் எங்களிடம் சொல்லாமலும் இல்லை. இரண்டாவது மாதம் தம்பி ஒருவன் கூப்பிட்டபோது, “போன் போவ மாட்டேங்குதுடா கண்ணு” என்றிருக்கிறாள். “பணம் கட்டியாச்சு ஆயா, போவும்” என்று வைத்திருக்கிறான். எங்களுக்கென்று ‘மலை வீடு’ என்ற பெயரில் வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. மலை வீட்டில் இருக்கிற ஒரே ஆள் அதில் கிடையாது. யாரோ ஒருவர் பேசியிருப்பார் என்று ஒன்பது பேரும் நினைத்தோம். தொட்டிலை ஆட்ட ஆளாளுக்குக் கயிறு கட்டிவிட்டு, பிள்ளையை யார் தூக்குவது என்று பார்த்துக்கொண்டிருந்த கதை.

பழைய எண்ணையும் தொலைத்தோம். அதைப் புதிய இணைப்புக்கு மாற்ற முடியுமா என்று விசாரிக்க நாமக்கல் வரை ஒரு நடை போக வேண்டும். “எதுக்கு அலைச்சல், புது நம்பரே வாங்கிக்கலாம்” என்று முடித்தோம். அந்த எண் யார் யாரிடம் இருந்தது என்று யோசிக்கவில்லை. சோளக்காட்டுச் சந்தையில் மிளகு எடுக்கும் வியாபாரியிடம், செம்மேட்டு ரேஷன் கடையில், திருப்புளி நாட்டுச் சம்பந்தி வீட்டுச் சுவரில், ஊரில் இருபது வருடக் கல்யாணப் பத்திரிகைகளில். அத்தனை பேருக்கும் பதிவு செய்த ஒரு குரல் அப்படி ஒரு எண் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. எங்கள் வீட்டுச் சுவரிலோ போனுக்கு மேலே பென்சிலால் எழுதிய எண்கள் வரிசையாக இருக்கின்றன. என் எண்ணைப் பெரியதாக எழுதிச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறாள். நான்கு மாதமும் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அமுக்கியிருக்க வேண்டும்.

காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவு. அந்த மலைக்குப் போன் வந்ததே சாதாரணக் காரியம் இல்லை. 1984-ல் தொடங்கிய சி-டாட் நிறுவனத்தின் பொறியாளர்கள் வெயிலையும் தூசியையும் தாங்குகிற, குளிர்சாதனம் கேட்காத சின்னக் கிராம எக்ஸ்சேஞ்ச் ஒன்றைச் செய்தார்கள். எங்கோ உட்கார்ந்திருந்தவர்கள் கிராமத்துப் புழுதியை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் சொந்த வீட்டின் ஒரு பிளக் பாயிண்டை நினைத்துப் பார்க்கவில்லை.

பிளக் பாயிண்ட் என்றதும் அடுத்தது கரண்ட். பழைய போனுக்குத் தேவையான 48 வோல்ட் எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்து கம்பி வழியே வீட்டுக்கு வந்துவிடும். மலையில் காற்றடித்து மரம் சாய்ந்து இரண்டு நாள் இருட்டானாலும், சிம்னி வெளிச்சத்தில் அந்தப் போன் மணியடித்தது எனக்கு நினைவிருக்கிறது. புதிய பெட்டி வீட்டு மின்சாரத்தில் ஓடுவது. கரண்ட் போனால் பேச்சும் போச்சு. ஆயா இன்னொன்றும் செய்துவந்தாள். ராத்திரி படுக்கும் முன் பச்சை விளக்கு எரிகிற பெட்டியை வீண் செலவு என்று அணைத்துவிடுவாள். இடி இடித்தால் பிளக்கையே பிடுங்கிவிடுவாள். அவளைப் பொறுத்தவரை அது சரிதான். அணைக்கக் கூடாது என்று யார் சொன்னது?

இந்தச் சிக்கல் நமக்கு மட்டுமல்ல. பிரிட்டனில் செம்புக் கம்பிப் போன்களை முழுக்க இணையத்துக்கு மாற்றும் வேலையை 2025 முடிவிலிருந்து 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். முதியவர்கள் கழுத்தில் போட்டிருக்கும் அவசரப் பொத்தான்கள், லைன் மாறிய பிறகு வேலை செய்யாமல் போனதுதான் பெரிய காரணம். செல்போன் எடுக்காத இடத்தில் வீட்டுப் போனை நம்பி இருப்பவருக்கு, கரண்ட் போனாலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர அழைப்பு போக வழி செய்ய வேண்டும் என்று அங்கே தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்பு வழிகாட்டியிருக்கிறது. நம் மலைக்கு ஒரு மணி நேரம் எந்த மூலைக்கு? 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008-ல் வந்தது. ஆனால் எங்கள் வீட்டில் செல்போன் வைஃபையில்தான் எடுக்கும். கரண்ட் போய்விட்டால், அதைக் கூப்பிட மேட்டுப் பாறை வரை ஏற வேண்டும். ஆயா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏறுவாளா? கரண்ட் போனாலும் பெட்டியை ஓட்டும் 12 வோல்ட் மினி யு.பி.எஸ். 1,500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. பெட்டி மாட்டிய அன்று மதியம் நாங்கள் மூன்று பேர் வாசலூர்ப்பட்டி படகு இல்லத்துக்குப் போய் வந்த செலவு அதைவிட அதிகம்.

செம்புக் கம்பியையாவது ஒழுங்காக வைத்திருந்தோமா? இல்லை. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் ஒயரில் துணி காயப்போட்டோம். பாதை வெட்டும்போது மண்வெட்டி பட்டு அறுந்த கேபிளை மேலே மண்ணைத் தள்ளி மூடினோம். பழுதென்றால் லைன்மேன் மழையில் மழைக்கோட்டு போட்டு வந்து, இரண்டு முனையையும் கையால் முறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போவார். ஒரு டம்ளர் காப்பி கொடுத்தோம், பெயர் கேட்டதில்லை. 2020 ஜனவரி 31-ல் பி.எஸ்.என்.எல்.-லில் 78,000-க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் போனார்கள். அதைச் செய்தியில் பார்த்த எங்களுக்கு அந்த மழைக்கோட்டு ஞாபகம் வரவில்லை.

ஃபைபரை முறுக்கிச் சேர்க்க முடியாது. கண்ணாடி இழை, மெஷின் கொண்டுவந்து உருக்கித்தான் ஒட்ட வேண்டும். அது எங்கள் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களின் வழியாகத்தான் தொங்கி வருகிறது. மிளகுக் கொடிக்கு வெயில் விழ வேண்டுமென்று கிளை கழிக்கிறோம். கழிக்க வந்த ஆளிடம், “அந்தக் கறுப்பு ஒயரைப் பார்த்து வெட்டுங்கண்ணா” என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருமுறை அறுந்து பதினொரு நாள் கிடந்தது. கம்பெனிக்காரனைத் திட்டிக் குழுவில் நாற்பது மெசேஜ் போட்டோம். வெட்டிய அரிவாள் எங்களுடையது.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோவது அரசின் திட்டம். அது நம் ஊராட்சி அலுவலகத்தில் எப்படி இருக்கிறது, கரண்ட் போனால் என்ன ஏற்பாடு என்று கேட்க இடம் உண்டு, கிராம சபை. ஆகஸ்ட் 15 அன்று நான் ஊரில்தான் இருந்தேன். போகவில்லை. வீட்டில் கறிச்சோறு.

பொங்கலன்று சுவிட்சைத் தள்ளிய பிறகு ஆயாவிடம் ரிசீவரைக் கொடுத்தோம். சுவரைப் பார்த்து, கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு எண்ணாக அமுக்கினாள். பக்கத்திலேயே நின்றிருந்த என் சட்டைப் பையில் மணி அடித்தது. எடுத்தேன். “நல்லா இருக்கியா சாமி?” என்று போனிலேயே கேட்டாள்.

மினி யு.பி.எஸ். மாசியில்தான் வாங்கினோம். பழைய எண் திரும்பக் கிடைக்கவில்லை.

மலையிலோ எந்த ஊரிலோ உங்கள் வீட்டிலும் ஃபைபருக்கு மாற்றியிருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது அந்தப் போனிலிருந்து உங்கள் எண்ணை ஒருமுறை அடித்துப் பாருங்கள். போகவில்லை என்றால் கவிழ்த்து, சுவிட்சை ‘டி’ பக்கம் தள்ளுங்கள்.