மேல்மாடி யாருக்குச் சொந்தம்?

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தை அடுத்துச் செங்கம் சாலையின் இருமருங்கிலும், கிரிவலப் பாதையை ஒட்டிய தெருக்களிலும், அடுக்குமாடி வீடுகள் பல எழுந்துவிட்டன. மனையைக் கட்டடக்காரரிடம் ஒப்படைத்து, அதற்கு ஈடாக அவற்றில் ஒரு வீட்டைப் பெற்றுக்கொள்ளும் விவசாயிகள் உண்டு. பிள்ளைகளை இத்தகைய வீடுகளில் குடியமர்த்திய நெசவாளிகளும் உண்டு. ஆகவே, இக்கட்டடங்களின் உச்சியில் நாள்தோறும் வீணாகும் வெயிலைப்பற்றி இங்கு எழுதுவது நமக்குப் புறம்பான விஷயம் ஆகாது.

இப்பகுதிக்கு இயற்கையே ஓர் அனுகூலம் செய்திருக்கிறது. மலை வடக்கே நிற்கிறது. சூரியத் தகடுகளோ தெற்கு நோக்கிச் சாய்த்து வைக்கப்படுபவை. எனவே 814 மீட்டர் உயரமுள்ள அருணாசலத்தின் நிழல் நண்பகலில் அவற்றின்மீது விழுவதில்லை. வெயிலை மறைப்பவை பெரும்பாலும் நாமே கட்டிய தண்ணீர்த் தொட்டியும், பக்கத்து மனையின் தென்னையுமே. ஒரு கிலோவாட் தகட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி இடம் வேண்டும். நல்ல வெயில் நாளில் அது சுமார் 4 யூனிட் தரும்.

இனிக் கணக்குக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரு மாதத்திற்கு 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கும் விலை யூனிட்டுக்கு 3 ரூபாய்க்குக் குறைவே. சிக்கனமாக வாழும் குடும்பம் தன் மீட்டருக்கென்று தகடு வாங்கினால் அதற்கு மிஞ்சுவது சொற்பமே. ஆனால் மின்தூக்கி, தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு ஆகியவற்றுக்கான பொது மீட்டரின் கதை வேறு. 2022 செப்டம்பரில் அதன் கட்டணம் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தனியே விதிக்கப்பட்டது; பின்னர் அது இன்னும் ஏறியது. பத்து வீடுகளுக்கு மேற்படாத, மூன்று மாடிக்குட்பட்ட, மின்தூக்கியில்லாத கட்டடங்களுக்கு மட்டும் 2023-ல் அது 5 ரூபாய் 50 காசாகக் குறைக்கப்பட்டது. வெயிலால் மிச்சமாகும் பணம் எங்கே இருக்கிறது என்பது இதிலிருந்தே விளங்கும்.

உதாரணமாக, மின்தூக்கியுள்ள 12 வீடுகள் கொண்ட கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பொது மீட்டர் ஆண்டுக்கு 6,000 யூனிட் ஓடுகிறது. 5 கிலோவாட் தகடுகளை உயர்த்திய சட்டத்தின்மேல் அமைக்க 3 லட்சம் ரூபாய் என்று தாராளமாகவே வைப்போம். 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், குடியிருப்போர் சங்கத்தின் பொது உபயோகத்திற்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. அது 90,000 ஆகிறது. எஞ்சிய 2,10,000 ரூபாயைப் பன்னிரு வீட்டாரும் பகிர்ந்தால் தலைக்கு 17,500 ரூபாய். ஆண்டில் 300 நாள் வெயில் என்று கொண்டால் 6,000 யூனிட். 8 ரூபாய் வீதம் 48,000 ரூபாய் மிச்சம். போட்ட முதல் நாலரை ஆண்டுக்குள் திரும்பிவிடும். தகட்டின் ஆயுளோ இருபத்தைந்து ஆண்டு என்று சொல்லப்படுகிறது. ஆனால் கிலோவாட் அளவில் விதிக்கும் நிலைக்கட்டணம் இதனால் குறையாது. விற்பவர் அதைச் சொல்லமாட்டார். தேவைக்கு மேல் தகடு போடுவதும் வீண். மோட்டாரை விடியற்காலையில் ஓட்டும் வழக்கத்தை மாற்றி நண்பகலில் ஓட்டுதல் நலம்.

நிற்க. இதே திட்டம் தனி வீட்டுக்கு 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் தருகிறது; சங்கத்துக்கு அதே அளவுக்கு 54,000 ரூபாய்தான். இது எனக்கு உசிதமாகப் படவில்லை. வசதி படைத்த மேல்தளத்துக்காரர் ஒருவர் முந்திக்கொண்டு மாடி முழுவதும் தம் தகடுகளைப் பரப்பிவிட இது தூண்டுகோலாகும். பிறகு மற்ற பதினொருவருக்கும் மிஞ்சுவது துணி காயப்போடும் மூலைதான். மொட்டை மாடி பொதுப்பகுதி. வீட்டோடு வாங்கிய பிரிபடாப் பங்கில் அதுவும் அடக்கம். 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2022-ல் இயற்றப்பட்ட தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், உரிமையாளர் சங்கத்துக்கு இடம் தருகிறது. சங்கத்தைப் பதிவு செய்து, மாடியைப்பற்றிய தீர்மானத்தை முதலில் எழுதுங்கள். தகட்டுக்காரரைப் பிறகு அழைக்கலாம்.

ரமணாசிரமப் பகுதியில் வேறொரு சிக்கலும் உண்டு. சொந்தக்காரர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார். குடியிருப்பவர் சில மாத வாடகைக்காரர். முதல் போடுபவர் ஒருவர், பலனை அனுபவிப்பவர் மற்றொருவர் என்றால், முதல் போட யார் முன்வருவார்? ஜெர்மனியில் 2017-ல் இதற்கென்றே சட்டம் செய்தார்கள். கட்டடத்தின் கூரை மின்சாரத்தை வாடகைக்காரருக்கு விற்கலாம். ஆனால் விலை, அவ்வூரின் அடிப்படைக் கட்டணத்தில் 90 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. டெல்லி ஒழுங்குமுறை ஆணையமோ 2019-ல், ஒரே நிலையத்து மின்சாரத்தைப் பல வீட்டு மீட்டர்களின் கணக்கில் பங்கிட்டு வரவு வைக்கும் முறையை வகுத்தது. நம் கட்டடங்களுக்கு இப்போதைக்கு எளிய வழி ஒன்றுண்டு. முதலைச் சொந்தக்காரர் மட்டும் போடட்டும். மிச்சத்தில் பாதி அவருடைய முதலுக்கு ஈடாகட்டும். மறுபாதி மாதப் பராமரிப்புத் தொகையைக் குறைக்கட்டும். முதல் திரும்ப நாளாகும் என்பது மெய்யே. ஆயினும் குடியிருப்பவருக்கும் அதில் அக்கறை பிறக்கும்.

கூட்டாகச் செய்தால் குழப்பமே மிஞ்சும் என்போர் குஜராத்தின் கேடா மாவட்டத்து துண்டி கிராமத்தைப் பார்க்கவேண்டும். 2016-ல் ஆறு விவசாயிகள் சூரிய பம்புகளோடு ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாசனத்துக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை விநியோகக் கம்பெனிக்கு விற்றார்கள். ஆறு பேருக்கு முடிந்தது பன்னிரு குடும்பத்துக்கு முடியாதா?

பராமரிப்பைப்பற்றி ஒரு வார்த்தை. ஆண்டு மிச்சத்தில் 5,000 ரூபாயைத் தனிக் கணக்கில் ஒதுக்கவேண்டும். மின்மாற்றிக் கருவி தகட்டின் ஆயுள்வரை உழைக்காது. இடையில் ஒருமுறையேனும் மாற்ற நேரும். இங்குள்ள குரங்குகளை அறியாதார் இல்லை. ஆகையால் கம்பிகளை வெளியே தொங்கவிடாமல் இரும்புக் குழாய்க்குள் செலுத்துமாறு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.