வீடு திரும்பியவருக்கு ஒன்பது அழைப்புகள்

நாட்டின் முதன்மையான மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ், பெங்களூருவின் ஓசூர் சாலையில் இருக்கிறது. ஓசூரில் பஸ் ஏறினால் 40 கிலோமீட்டருக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். கிருஷ்ணகிரியில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. எனவே மனநல சிகிச்சையில் இந்த எல்லைப் பகுதி பின்தங்குவதற்குத் தூரத்தையோ கட்டடத்தையோ மட்டும் காரணம் சொல்ல முடியாது. தற்கொலைக்கு முயன்று, கேசுவாலிட்டியில் உயிர் பிழைத்து, சில நாளில் டிஸ்சார்ஜ் ஆகிப் போகிறவரை அடுத்த வாரம் கூப்பிட்டு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பது யார்? மாவட்ட மனநலத் திட்டத்தில் செவிலியருக்கும் சமூகப் பணியாளருக்கும் இடம் உண்டு. ஆனால் அந்தச் சிறு குழு மாவட்டம் முழுவதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. இப்படி விசாரிப்பதை மட்டுமே வேலையாகச் செய்ய, பெயர் குறித்து ஒரு செவிலியரை நியமிக்க வேண்டும் என்கிறேன்.

இதற்கு ஆதாரம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து ஊர்களில் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2008இல் வெளிவந்தன. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதியினரிடம் வீடு திரும்பும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு 1, 2, 4, 7, 11ஆம் வாரங்களிலும், 4, 6, 12, 18ஆம் மாதங்களிலும் போன் செய்தோ நேரில் போயோ விசாரித்தார்கள். ஒன்றரை ஆண்டில் மொத்தம் ஒன்பது முறை. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் பின்னர் தற்கொலையால் இறந்திருந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம் பேர். பிரெஞ்சு பாலினேசியாவில் இதே முறையைச் செய்து பார்த்தபோது இப்படிப்பட்ட பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் மனநல மருத்துவர்கள் குறைவாக உள்ள ஊர்களில், அதுவும் சென்னையையும் சேர்த்து, பலன் தந்த ஒரு முறையை எடுத்துச் செய்ய இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? ஒரு முறை முயன்றவர் மறுபடி முயலும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவும் அதை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. முயன்றவரைத் தண்டிக்காதே என்பதோடு அது நிற்கவில்லை. மறுபடி நேராதபடி சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது.

ஓசூரில் இந்த விசாரிப்புக்கு ஏன் இத்தனை அவசரம்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2022இல் நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். சிப்காட்டைச் சுற்றியும், நாகமங்கலம் பக்கம் எழுந்துள்ள புதிய மின்னணு ஆலைகளிலும் வேலை செய்கிற இளைஞர்களிலும் பெண்களிலும் பலர் ஜார்க்கண்ட், ஒடிசா, பீகாரிலிருந்தும் நம் வட மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். சொந்த ஊரில் ஒருவர் மருத்துவமனையிலிருந்து திரும்பினால் அம்மாவோ அத்தையோ பக்கத்து வீட்டாரோ அவர் மேல் ஒரு கண் வைத்திருப்பார்கள். இங்கே விடுதி அறையில் ஒருவர் ஷிப்ட் முடிந்து வந்து படுக்கும்போது மற்றவர் ஷிப்டுக்குக் கிளம்புகிறார்.

செவிலியர்கள் ஏற்கெனவே வேலைச்சுமையில் தவிக்கிறார்கள் என்பது முதல் மறுப்பு. உண்மைதான், வார்டு செவிலியரின் தலையில் இதையும் கட்டினால் பதிவேடு மட்டும்தான் நிரம்பும். தனிப் பணியிடம் வேண்டும். அதற்கு ஆகும் நேரம் பெரிதில்லை. ஓர் அழைப்புக்கு 20 நிமிடம் என்றால் ஒன்பதுக்கும் 3 மணி நேரம். முதல் பேச்சையும் சேர்த்தால் ஒருவருக்கு 4 மணி நேரம், அதுவும் ஒன்றரை ஆண்டில். தேடிப் போய்ச் சிகிச்சை தருவது இந்த மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதே வழியில் 2024இல் தொழிலாளரைத் தேடி மருத்துவமும் வந்தது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் தேடிப் போகிறவர்களால் இதற்கும் போக முடியும்.

14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறதே என்பார்கள். இரவு பகலாக 20 மொழிகளில் பேசுகிற அந்தச் சேவை நல்ல சேவை. தேவைப்படுகிறவர்கள் தயங்காமல் கூப்பிட வேண்டும். ஆனால் மனம் ஒடிந்து கிடப்பவரால் போனைக் கையில் எடுப்பதே முடியாமல் போகலாம். அந்த வேலையை அவரிடமிருந்து வாங்கி அரசு செய்ய வேண்டும். இந்தியும் ஒடியாவும் நம் செவிலியருக்குத் தெரியாத இடத்தில் டெலி மானஸ் ஆலோசகரை இணைப்பில் சேர்த்துக்கொள்ளலாம். ஊர் மாறினால், எண் மாறினால்? டிஸ்சார்ஜுக்கு முன்பே, அவர் சம்மதத்துடன், அவர் நம்பும் இன்னொருவரின் எண்ணையும் வாங்கி வைக்க வேண்டும்.

ஆலைகளிலேயே நல அலுவலர் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்ற யோசனையை நான் ஏற்க மாட்டேன். 500 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலையில் நல அலுவலர் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. அவருக்குச் சம்பளம் தருவது நிர்வாகம். ஒப்பந்தத் தொழிலாளி அவரிடம் வாய் திறந்தால் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்ற பதில் வருமோ என்று பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. இந்தச் செவிலியர் சுகாதாரத் துறையின் ஊழியராக இருக்க வேண்டும். அவருடைய பதிவேடு நிர்வாகத்தின் கைக்கோ வார்டன், ஒப்பந்தக்காரர் கைக்கோ போகக் கூடாது.

கடைசி மறுப்புதான் கனமானது. சம்பளமும் ஷிப்டும் நெருக்கடியான அறையும் ஆளை நசுக்கும்போது ஆறுதல் பேச்சு எதற்கு என்கிறார்கள் தொழிற்சங்கத்தினர். பேச்சோடு நின்றால் அவர்கள் சொல்வது சரி. அதனால்தான் செவிலியரோடு ஒரு சமூகப் பணியாளரும் வேண்டும் என்கிறேன். ஷிப்ட் மாற்றம் கேட்டு மருத்துவரின் கடிதம், இ.எஸ்.ஐ. நோய்க்கால உதவித்தொகை, நிலுவைச் சம்பளத்துக்கும் பாலியல் தொல்லைக்கும் உரிய இடத்தில் புகார் என்று எல்லாவற்றுக்கும் கூடவே போக வேண்டியவர் அவர். ஒரே விடுதியிலிருந்து ஆறு மாதத்தில் நான்கு பேர் கேசுவாலிட்டிக்கு வந்தால், யார் பெயரையும் சொல்லாமல் அந்த எண்ணிக்கையை மாவட்ட ஆட்சியரிடமும் தொழிலாளர் துறையிடமும் கொண்டுபோய் வைத்து, அந்த விடுதியில் என்ன நடக்கிறது என்று விசாரிக்கச் சொல்ல வேண்டியவரும் அவரே.