நரம்பு காய்க்காது ஐயா

போன ஞாயிறு, ஈ.சி.ஆர். ஓரத்து டீக்கடையில் எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, ஒரு பையன் மட்டும் நின்றுகொண்டே டீ குடித்தான். புது டிடி பைக், குனிந்து ஓட்டுகிற டைம் ட்ரையல் வகை. கோவாவில் நடக்கிற பாதி அயர்ன்மேன் டிரையத்லானுக்குப் பயிற்சி. அதில் சைக்கிள் மட்டும் 90 கிலோமீட்டர். "மரத்துப் போகுதுண்ணே" என்றான். எங்கே என்று சொல்லவில்லை. கூட்டத்தில் மூத்தவர் அவன் முதுகில் தட்டி, "பழகிடும் தம்பி, புதுச் செருப்பு கடிக்கிறதில்லையா?" என்றார். சுற்றியிருந்தவர்கள் ஏதோ உபதேசம் கேட்டதுபோல் தலையாட்டினார்கள்.

செருப்பு கடித்தால் தோல் காய்த்துப்போகும். நரம்பு எங்கே ஐயா காய்க்கும்?

நிமிர்ந்து ஓட்டும்போது உடம்பின் எடையைப் பிட்டத்தின் இரண்டு எலும்புகள் தாங்குகின்றன. ஏரோ பாரில் முழங்கையை ஊன்றிக் குனிந்ததும் இடுப்பு முன்பக்கம் உருள்கிறது. எடை அந்த எலும்புகளை விட்டு நழுவி, சேடிலின் மூக்கின்மேல், தொடைகளுக்கு நடுவே இருக்கிற மெல்லிய சதையில் இறங்குகிறது. பிறப்புறுப்புக்குப் போகும் நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுவது அந்த வழியில்தான். அதை மணிக்கணக்கில் நசுக்கிவிட்டு 'பழகுகிறது' என்று பெயர் வைக்கிறோம்.

பழக்கம்தான் மருந்து என்றால், அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகிற போலீஸ்காரர்களைவிடப் பழகியவர்கள் யார்? ஞாயிறு மட்டும் மிதித்துவிட்டு போட்டோ போடுகிறவர்கள் இல்லை அவர்கள், அதுவே உத்தியோகம். அங்கே அரசின் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ், 90 போலீஸ்காரர்களுக்கு மூக்கில்லாத சேடில் கொடுத்து ஆறு மாதம் ஓட்டவைத்தது. முடிவு 2008இல் வந்தது. பழைய சேடிலில் மரத்துப்போகவில்லை என்றவர்கள் 27 சதவீதம். மூக்கை எடுத்ததும் 82. மறுபடியும் பழைய சேடிலுக்கே போனவர்கள் மூன்றே பேர். நம் மூத்தவருக்குச் சொந்தக்காரர்களாக இருக்கும்.

அடுத்து ஜெல் கவர் கட்சி. மெத்தென்று இருந்தால் வலிக்காதாம். எலும்பு அந்த மெத்தையில் புதைய, நடுப்பகுதி உப்பி எழுந்து, எந்த இடத்தை அழுத்தக் கூடாதோ அதையே அழுத்தும். சேடிலில் பஞ்சு போதாமலா அந்தப் போலீஸ்காரர்கள் தவித்தார்கள்?

பெண்கள் கதை இன்னும் மோசம். அவர்கள் வாய் திறந்தாலே கூட்டம் வேறு பக்கம் பார்க்கிறது. பிரிட்டனின் பாரா சைக்கிள் வீராங்கனை ஹன்னா டைன்ஸ், சேடில் அழுத்தி அழுத்தி வீங்கிய இடத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டதை 2019இல் வெளிப்படையாக எழுதினார். பாராலிம்பிக்ஸ் வரை போனவருக்கே பழகவில்லை. சேடில் மூக்கு கிராங்க் அச்சுக்குக் குறைந்தது 5 செ.மீ. பின்னால்தான் நிற்க வேண்டும் என்று நெடுங்காலம் ஸ்கேல் வைத்து அளந்த சர்வதேச சைக்கிள் சங்கத்துக்கு, அந்த மூக்கு எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று அளக்க மட்டும் ஸ்கேல் கிடைக்கவில்லை.

ஹவாயின் கோனாவில், அயர்ன்மேன் உலகப் போட்டிக்கு வருகிறவர்களின் சைக்கிள்களில் பல வருடமாக அதிகம் தென்பட்டது ஐஎஸ்எம் நிறுவனத்தின் சேடில், ஒற்றை மூக்குக்குப் பதில் இரட்டைக் கொம்பு. 180 கிலோமீட்டர் குனிந்தபடி மிதிப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி நம் கடைக்காரர்களுக்கு எட்டவில்லை. கார்பன் வீல் என்றால் "ஓட்டிப் பாருங்க சார்" என்று கெஞ்சிக் கொடுப்பார்கள். அதனால் மிச்சமாவது சில நிமிடம். சேடிலை மட்டும் ஒரு வாரம் கொடுங்கள், ஒத்துவராவிட்டால் திருப்பித் தருகிறேன் என்று கேட்டால், "நீங்க உக்காந்ததை அப்புறம் யார் சார் வாங்குவா?" அந்தப் போலீஸ்காரர்களுக்கு ஆறு மாதம் கிடைத்தது. எனக்குக் கடை வாசலில் ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் ஒரு நிமிடம், அதுவும் ஜீன்ஸ் பேண்ட்டோடு.